மூன்று பேருக்கு அறை

கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். இது நடந்தது. 1974 அக்டோபரில், டொராண்டோவில், பட்டப்பகலில் நடந்தது. ஏகாம்பரம் பம்பு கம்பெனி இன்ஜினியர். பேய் என்று யாராவது ஆரம்பித்தால் விழுந்து விழுந்து சிரித்த ஆள். இப்போது சிரிப்பதில்லை.

மோர்னிங்சைட் பக்கம் ஓர் அடுக்குமாடியில் அவரும் மனைவி வனஜாவும் இருந்தார்கள். அந்த மார்ச்சில் வனஜாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறக்கும்போதே உயிர் இல்லை. அவளிடம் முகத்தைக்கூடக் காட்டாமல் ஆஸ்பத்திரியில் எடுத்துப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து அவள் வாசற்படி தாண்டவில்லை. பேருக்குத்தான் சாப்பாடு. ஆள் பாதியாகிவிட்டாள். இப்படியே விட்டால் இவளும் தங்கமாட்டாள், எங்காவது வெளியூர் கூட்டிப் போங்கள் என்று டாக்டர் சொன்னார்.

கூட வேலை செய்யும் ஒரு வெள்ளைக்காரர் யோசனை சொன்னார். இரண்டு மணி நேரப் பயணத்தில் ஓர் ஆற்றங்கரைக் கிராமம். அங்கே கல்லால் கட்டிய பழைய விஸ்கி ஆலை, உள்ளே கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டுவார்களாம். ஒட்டினாற்போல் ஒரு சின்ன விடுதி. எப்போதோ தங்கியபோது வாங்கிய போன் நம்பரையும் தந்தார்.

வீட்டில் சொன்னதும் வனஜா நிமிர்ந்து பார்த்தாள்.

"சாராயம் காய்ச்சுற இடத்தைக் காசு குடுத்துப் பார்ப்பாங்களா? எங்க வேலூர்ல போலீஸ்தான் பார்க்கப் போகும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஏழு மாதத்தில் முதல் சிரிப்பு. ஏகாம்பரம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். உடனே போனைச் சுழற்றினார்.

வெகுநேரம் மணி அடித்தது. ஒரு கிழவர் எடுத்தார். தூரத்திலிருந்து வருவதுபோல மெல்லிய குரல். அதன் பின்னால் ஏதோ சொட்டிக்கொண்டே இருந்தது... சொட்... சொட்...

சனிக்கிழமை, இரண்டு பேர், ஆற்றைப் பார்த்த அறை. எல்லாம் பேசி முடிந்தது. வைக்கும்போது ஏகாம்பரம் வழக்கம்போல ஒரு வார்த்தை சேர்த்தார். டொராண்டோ வந்தால் எங்கள் வீட்டுக்கு அவசியம் வர வேண்டும், சாப்பிட்டுத்தான் போக வேண்டும். நம் ஆட்கள் பஸ் டிரைவரிடம்கூட இதைச் சொல்வார்கள். வெள்ளைக்காரர்கள் தேங்க்ஸ் சொல்லிச் சிரித்துவிட்டு அதோடு மறந்துவிடுவார்கள்.

கிழவர் சிரிக்கவில்லை.

"என்னை யாரும் கூப்பிட்டதே இல்லை" என்றார். "வருகிறேன்."

வியாழக்கிழமை மாலை வேலை முடிந்து வந்த ஏகாம்பரத்தின் மூக்கில், லிஃப்டை விட்டு இறங்கியதும் ஒரு வாடை ஏறியது. இட்லி மாவு அளவுக்கு மீறிப் புளித்துப்போன வாடை. வீட்டுக்குள் இன்னும் தூக்கலாக இருந்தது.

வனஜா தலைக்குக் குளித்திருந்தாள். சாம்பார் வைத்திருந்தாள், பொரியலும் பண்ணியிருந்தாள். மேசையில் ஒரு தட்டு நிறையச் சோறு, கை படாமல் இருந்தது.

"பெரியவர் வந்திருந்தாரு. நீங்க சாப்பிடக் கூப்பிட்டீங்களாமே."

ஏகாம்பரம் யாரிடமும் விலாசம் சொல்லவில்லை.

நாற்காலி நனைந்திருந்தது. கீழே கம்பளமும் ஈரம். அன்று மழையே இல்லை.

"என்ன சொன்னாரு?"

"ரூம் ரெடியாம். மூணு பேருக்கு."

"ரெண்டு பேருன்னுதானே சொன்னேன்..."

"நானும் அதைத்தான் சொன்னேன். இல்லம்மா மூணுன்னாரு. தொட்டில் போட்டு வச்சிருக்காராம். சனிக்கிழமை அவரே வந்து கூட்டிட்டுப் போறாராம்."

அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதைப் பார்த்துத்தான் ஏகாம்பரம் எழுந்து போய்க் கதவைத் தாழிட்டார்.

மறுநாள் அந்த நம்பரைச் சுழற்றினார். அப்படி ஒரு நம்பர் இப்போது இல்லை என்றாள் ஆபரேட்டர். ஆலையின் ஆபீஸைத் தேடிப் பிடித்தார். அங்கே பேசிய பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். விடுதியை இடித்து எட்டு வருடமாகிறது. அதை நடத்திய கிழவர் ஆலையிலும் வேலை பார்த்தவர். தானியம் புளிக்கும் பெரிய தொட்டிக்குள் தவறி விழுந்து, அதிலேயே மூழ்கிப் போனார்.

சனிக்கிழமை காலை வனஜா பட்டுப்புடவையில், பெட்டியும் கையுமாகக் கூடத்தில் நின்றாள்.

"நாம போகலை வனஜா."

அவள் கதவையே பார்த்தாள்.

வாடை முதலில் வந்தது.

பிறகு சத்தம்... சொட்... சொட்...

டக். டக். டக்.

"திறங்க" என்றாள். "பாப்பா அழுவுது."

ஏகாம்பரத்துக்கு எந்த அழுகையும் கேட்கவில்லை. சொட்டும் சத்தம் மட்டும்தான். அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் திமிறினாள்.

டக். டக்.

வீடு தேடி வந்தவரை வாசலோடு போ என்று சொல்ல நம் ஆட்களுக்கு நாக்கு எழாது. அவருக்கும் எழவில்லை. கதவின் அடியில் தண்ணீர் கசிந்து உள்ளே வந்தது. அவர் காலைத் தொட்டது.

"போயிடுங்க" என்று இங்கிலீஷில் கத்தினார். "நான் உங்களைக் கூப்பிடலை. இனிமே வராதீங்க."

சத்தம் நின்றது.

வனஜா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். போகட்டும், பிழைத்தாள் என்று ஏகாம்பரம் மனதைத் தேற்றிக்கொண்டார்.

ஞாயிறு காலை குப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். எதிர்வீட்டு யாழ்ப்பாணத்து டீச்சர் தன் கதவைத் திறந்தபடி நின்றார்.

"தம்பி, நேற்று வந்த அந்த வெள்ளைக்காரக் கிழவர் ஆர்?"

ஏகாம்பரம் குப்பைப் பையைக் கீழே வைத்தார்.

"கதவு ஓட்டையாலை பாத்தனான். கையிலை ஒரு பச்சைப் பிள்ளை. கத்திக் கத்தி அழுதது. உங்கட ஆக்களின்ரை பிள்ளையோ? தலை நிறையக் கறுத்த மயிர். முகம் அச்சு அசல் வனஜா மாதிரிக் கிடந்தது. ஏன் தம்பி நீங்கள் கதவைத் திறக்கேல்லை?"

ஏகாம்பரம் திரும்பினார்.

வனஜா பின்னால் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள். அவரைப் பார்க்கக்கூட இல்லை. வாசற்படியைத் தாண்டி வெளியே வந்தாள்.

"டீச்சர்" என்றாள். "அவங்க எந்தப் பக்கம் போனாங்க?"