ஜெயசீலன் போட்ட கோணல் கோடு

அரியலூரில் நான் மாட்டிய கதவு ஒன்றுகூட மழைக்காலத்தில் உராய்ந்ததில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். இன்று ஜெயங்கொண்டம் சாலையில் சொந்தத் தச்சுப் பட்டறை, பதினோரு ஆள். மூலைமட்டம் என் கையில் இருந்தால் இன்ஜினீயரே ஓரமாகத்தான் நிற்பார். இதைச் சொல்லாமல் ஜெயசீலன் கதையைச் சொல்ல முடியாது.

ஜெயசீலன் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடிக்குத் துளை போடுகிறவன். இருபத்திரண்டு வருஷம் அதே வேலை. திருவிழா நாட்களில் பிரசாத்தின் பாட்டுக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பான். சுரங்கம் அவன் காதைத் தின்றுவிட்டது. யார் பேசினாலும் உதட்டைப் பார்க்க ஆரம்பித்தான். குழுவின் கிட்டாரைப் பிரசாத் அவனிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு சொன்னான்:

"சொந்தக் கிட்டாரோட வாங்க. ஆண்டிமடம் திருவிழாவுல ஒரு பாட்டு வாசிங்க. தேறிட்டா நீங்களே இருங்க, இல்லன்னா வேற ஆளு."

அதற்காக என் பட்டறையிலேயே பலாப்பலகையில் ஒன்றைச் செய்தான். கழுத்தில் குறுக்குக் கம்பிகள் இல்லாத வகை. "கம்பி போட்டா ஏணியில ஏறுற மாதிரிண்ணே. எனக்கு வழுக்கிட்டுப் போகணும்" என்பான். விரல் வைக்க அடையாளம், ஓரத்தில் குத்திய வெள்ளைப் புள்ளிகள்தான்.

கடைசி வேலை பிரிட்ஜ், அதாவது நாலு தந்தியும் ஏறி உட்காரும் கட்டை. தந்திகளை அடியில் ஒரு தகட்டில் மாட்டிவிட்டு, பிரிட்ஜைத் திருகாமல் நகர்த்தி நகர்த்திப் பார்த்தான். தந்தியின் நடுவில் விரலால் சும்மா தொட்டு ஒரு முறை, அதே இடத்தில் அழுத்தி ஒரு முறை மீட்டுவான். இரண்டும் ஒரே சுருதியில் வர வேண்டும். காதுக்குப் பதில் தாடையைப் பலகையில் அழுத்தி, எலும்பு வழியே கேட்டான். இரண்டு நாள் அதே வேலை. பிறகு பென்சிலால் கோடு போட்டான்.

"ஷிப்டு முடிஞ்சு வந்து நானே திருகிக்கிறேண்ணே. சாயங்காலம் வேன் வந்துடும்."

அவன் போனபின் பார்த்தேன். கோடு கோணல். தடித்த தந்திப் பக்கம் கால் அங்குலம் பின்னால் சரிந்திருந்தது. கண்ணும் போய்விட்டது பாவம் என்று நினைத்தேன். உப்புத்தாளால் கோட்டைத் தேய்த்து அழித்தேன். மூலைமட்டம் வைத்து, நேராகத் துளை போட்டு, நாலு திருகையும் முடுக்கினேன்.

சாயங்காலம் வேன் வாசலில் உறுமிக்கொண்டு நின்றது.

"என் கோட்டுலதானேண்ணே வச்சீங்க?" என்று ஷிப்டு முடிந்து வந்த ஜெயசீலன் கத்தினான்.

ஆமாம் என்று தலையாட்டினேன். தாடையை வைத்துப் பார்க்கப் போனவனைப் பிரசாத்தின் ஆட்கள் கையைப் பிடித்து இழுத்து ஏற்றிவிட்டார்கள். நானும் ஏறிக்கொண்டேன்.

மேடையில் புள்ளிகளைப் பார்த்தே வாசித்தான். இரண்டாம் சரணத்தில் பிரசாத் கிட்டார் ஒயரைப் பிடுங்கினான். வெறுங்காலின் கீழ் மேடைப் பலகை அதிர்வது நின்றதும் ஜெயசீலனுக்குத் தெரிந்துவிட்டது. திரும்பினான். ஒயர் பிரசாத்தின் கையில் இருந்தது.

"பாட்டு ஒரு பக்கம் போவுது, அண்ணன் ஒரு பக்கம் போறாரு" என்று பிரசாத் மைக்கிலேயே சொன்னான். கூட்டம் சிரித்தது.

நாலு மாதம் கழித்து ஜெயசீலன் மனைவி வளர்மதி கிட்டாரைத் துணியில் சுற்றியபடியே கொண்டுவந்தாள்.

"அன்னைக்குச் சுத்துனதுதாண்ணே, பிரிக்கவே இல்ல. பலகைக்காவது எடுத்துக்குங்க. தாடையும் செத்துப்போச்சுன்னு அழுவுறாரு. தடித் தந்திக்குப் பின்னாடி தள்ளி, சாய்வா வச்சாத்தான் சுதி சேரும்னு எவ்வளவு பாடுபட்டுக் கோடு போட்டாரு? அதுவும் தப்பாப் போயிடுச்சே."

துணியைப் பிரித்தேன். பிரிட்ஜ் நூல் பிசகாமல் நேராக உட்கார்ந்திருந்தது.

கிட்டாரோடு அவன் வீட்டுக்குப் போனேன். பலகைத் துண்டில் தச்சுப் பென்சிலால் எழுதிக் காட்டினேன்: கோட்டை அழிச்சது நான்.

படித்தான். திருகுகளைக் கழற்றினான். பிரிட்ஜைச் சாய்த்து, தாடையை வைத்து மீட்டினான். நகர்த்தி மறுபடி மீட்டினான். பொழுது சாயும்வரை நகர்த்தினான்.

"தாடைக்கு அதிர்றது மட்டும்தான் தெரியுதுண்ணே. ரெண்டும் ஒண்ணா வேறயான்னு இப்பத் தெரியல."

"காது கேக்குற ஆளு யாரையாச்சும் கூட்டியாரேன்" என்று மெதுவாக வாயசைத்தேன்.

"அந்தாளு காதுக்கு வச்சா அந்தாளே வாசிக்கட்டும்." பலகையை விரலால் தடவினான். "எங்கண்ணே இருந்துச்சு என் கோடு?"

நானும் குனிந்து தேடினேன். என் கைவேலை சுத்தம். ஒரு கீறல்கூட மிச்சமில்லை.