பச்சை மேலே வந்த ஆகஸ்ட் பதினைந்து

ஊறின தோல் வாசனையும் ரோஜாப்பூ வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறினால் எப்படி இருக்கும் தெரியுமா? எனக்குத் தெரியும்.

பம்மலில் ஒரு சின்ன கம்பெனி. தோல் கையுறை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். படிப்பு முடித்து நான் சேர்ந்த முதல் வேலை. தாம்பரத்தில் டிரெயின் ஏறி, பல்லாவரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் அரை உடம்பு வெளியே தொங்கப் போய்ச் சேருவேன். சேர்ந்து மூன்று மாதம்தான். புரொபேஷன் முடியவில்லை.

அங்கே சுதந்திர தினத்துக்குக் கொடி கட்டுவது எப்போதும் அந்தோணி அண்ணன்தான். பண்டல் கட்டி லோடு ஏற்றுகிறவர். முடிச்சு போடுவதில் கில்லாடி. கொடியை மடித்து, உள்ளே ரோஜா இதழ் வைத்து, ஒரே இழுப்பில் அவிழ்கிற மாதிரி சுருக்குப் போட்டுக் கம்பத்தின் உச்சிக்கு அனுப்பிவிடுவார். முதலாளி வந்து கயிற்றை இழுப்பார். பூ கொட்டும், எல்லாரும் கை தட்டுவார்கள் என்று மற்றவர்கள் சொல்லக் கேட்டிருந்தேன்.

அந்த வருஷம் முதலாளி ஊரில் இல்லை. இத்தனை வருஷமாகக் கட்டுகிறவர் இந்தத் தடவை அவரே ஏற்றட்டும் என்று போனில் சொல்லிவிட்டார். அண்ணனுக்கு ஒரே வெட்கம். ஆனால் மறுநாள் காலையில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றார்.

எனக்குத்தான் சும்மா இருக்க முடியவில்லை. ஏற்றுகிறவரே கட்டுவதா, நான் காலேஜில் என்.சி.சி., நான் கட்டுகிறேன் என்று முன்னால் போய் நின்றேன். பாதி பீலா! என்.சி.சி.யில் இருந்தது நிஜம். கொடி கட்டினதெல்லாம் இல்லை. யாரோ கட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்ததுதான். அந்த ஞாபகத்திலேயே மடித்துக் கட்டி உச்சிக்கு அனுப்பினேன்.

அண்ணன் கயிற்றை இழுத்தார். சுருக்கு அழகாக அவிழ்ந்தது. பூ கொட்டியது. கை தட்டல் ஆரம்பித்து... பாதியில் நின்றது.

பச்சை மேலே. காவி கீழே.

வருஷா வருஷம் மிட்டாய்க்கு வருகிற எதிர்க் கடைக்காரர் ஒருவர் இருந்தார். பாய்ந்து வந்து அண்ணனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். கயிறு அண்ணன் கையில்தானே இருந்தது. கடைக்காரரின் இன்னொரு கையில் செல்போன், வீடியோ ஓடுகிறது. "எவன்டா கட்டுனது? கொடிய அவமானப்படுத்துறியா? உன்னையெல்லாம் இதத் தொட வுட்டதே தப்பு. வாடா ஸ்டேஷனுக்கு."

அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்தார். அவ்வளவுதான். பிறகு கடைக்காரரிடம் திரும்பி, "மொதல்ல அத்த எறக்கிடறேன் சார். அப்பால எங்க வேணா இட்டுகினு போ" என்றார்.

நான் பேசவில்லை.

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. அரை நிமிஷம் இருக்கும். வேலை போய்விடும், கேஸ் ஆகிவிடும், அப்பாவிடம் என்ன சொல்வது... இப்படியே கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன். வெள்ளைச் சட்டையில் ஒரு பொத்தான் பிய்ந்து விழுந்ததைப் பார்த்த பிறகுதான் வாய் வந்தது.

"அவர விடுங்க. கட்டினது நான்."

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். டக் இன் பண்ணின சட்டை, கழுத்தில் ஐடி கார்டு. அண்ணன் சட்டையைப் பிடித்திருந்த கை தானாகத் தளர்ந்தது. "ஓ... நீங்களா சார். தெரியாம நடந்திருக்கும், பரவால்ல" என்று செல்போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

தப்பித்தோம் என்று எனக்கு நிம்மதியா வந்தது? சீ என்று இருந்தது. ஒரே முடிச்சுக்கு அண்ணனுக்குப் போலீஸ் ஸ்டேஷன், எனக்குப் பரவாயில்லையாம்.

கொடியை மெதுவாக, தரையில் படாமல் இறக்கினோம். காவிப் பக்கத்து முனை மேலே போக வேண்டும். நான் மாற்றிக் கட்டியிருந்தேன், வேறொன்றும் இல்லை. இந்தத் தடவை அண்ணன் கட்டினார், அவரே ஏற்றினார். பூ இல்லை. பொத்தான் போன சட்டையோடு நின்று, எல்லாரையும் விடச் சத்தமாக ஜன கண மன பாடினார்.

அப்புறம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "நீ சொல்லலேன்னாலும் நான் காட்டிக் குடுத்திருக்க மாட்டேன் சார். வேலைக்கு வந்து மூணு மாசம்தானே ஆவுது" என்று சொல்லி, தன் பங்கு லட்டில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தார். பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

இப்போது பள்ளிக்கரணையில் இருக்கிறேன். போன ஆகஸ்டில் எங்கள் அபார்ட்மென்ட் மூன்றாவது மாடி பால்கனியில் கொடி தலைகீழ். அதற்கு முந்தின மாதம்தான் குடிவந்தவர்கள். அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ வந்துவிட்டது, சிவப்பு வட்டம் போட்டு. யார் இவங்க, எந்த ஊரு, கம்ப்ளெயின்ட் குடுக்கணும்... மெசேஜ் மேல் மெசேஜ். போட்டோ போட்டது பேங்கில் இருந்து ரிட்டையர் ஆன பக்கத்து பிளாக் சார். நான் பதில் டைப் பண்ணினேன், அழித்தேன். சரி, நேரே போவோம் என்று படியேறினேன்.

கதவு திறந்திருந்தது. பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதன் மேல் நின்று கொடியை அவிழ்த்துக்கொண்டிருந்தது, அதே பேங்க் சார்! வீட்டுக்காரப் பெண் முகம் வெளுத்துப் போய்ப் பக்கத்தில் நின்றிருந்தார்.

என்னைப் பார்த்ததும் சாருக்குக் கொஞ்சம் அசடு வழிந்தது. "கோவத்துல போட்டுட்டேன். அப்புறம் மனசு கேக்கல, அழிச்சிட்டு வந்துட்டேன். இந்த ஸ்டூலப் பிடிங்க, ஆடுது" என்றார்.

பிடித்துக்கொண்டேன். அவர் இறங்கி, காவி முனை எது என்று காட்டி, கயிற்றை அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். "நீங்களே கட்டுங்கம்மா."

அந்தப் பெண் ஏறிக் கட்டினார். அன்றைக்குப் பம்மலில் முதலில் வந்த கேள்வியே எவன்டா கட்டினது என்பதுதான். இங்கே மூன்று பேரும் நிமிர்ந்து கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். யார் கட்டினது என்று கடைசி வரை சார் கேட்கவே இல்லை.