லோரி வாரம், டிரெக்டர் வாரம்

1. கூரை உள்ள வண்டி

புது லோரி வந்த அன்றைக்கும் மழை. நான் டிரெக்டரில் தேயிலைக் கொழுந்து ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்தேன். தலையில் கோணிச் சாக்கு. ஆபீஸ் முன்னால் லோரி நின்றது. கதவு, கண்ணாடி, வைப்பர் எல்லாம் இருந்தது. நான் பார்த்தது கூரையைத்தான்.

டிரெக்டருக்குக் கூரை கிடையாது. ஆறு வருசம் அதில் நனைந்திருக்கிறேன். கேமரன் மலை மழை சுள்ளென்று குத்தும். வருசத்துக்கு இரண்டு தடவை நெஞ்சில் சளி கட்டிக்கொள்ளும்.

எங்கள் தோட்டத்து மேனேஜர் கோலாலம்பூரில் படித்த தமிழர். ஆனாலும் நாங்கள் துரை என்றுதான் கூப்பிடுவோம். அவர் சொன்னார்: "சின்னையா, ஒரு வாரம் லோரி ஓட்டு. மறு வாரம் டிரெக்டர் ஓட்டு. ஒரு மாசம் இப்படி மாத்தி மாத்தி ஓட்டு. எண்ணெய் எவ்வளவு குடிக்குதுன்னு குறிச்சுக் கொண்டா. எது லாயக்கோ அதுக்கு நீதான் டிரைவர். மத்தத வித்துருவேன்."

"சரி துரை."

லோரிதான் ஜெயிக்கணும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

2. கோடு போட்ட நோட்டு

நான் ஐந்தாவது வரை படித்தவன். கணக்கு கொஞ்சம் வரும். காலையில் எண்ணெய் டாங்கியை வாய் வரை நிரப்புவேன். சாயங்காலம் திரும்பவும் வாய் வரை டின்னால் ஊற்றுவேன். ஒரு டின்னுக்கு ஒரு கோடு.

லோரிக்குக் கோடு குறைவாக விழுந்தது. டிரெக்டர் மூன்று நடை போய்க் கொண்டுவரும் கொழுந்தை லோரி ஒரே நடையில் கொண்டுவந்துவிடும். எனக்குச் சந்தோசம்.

துரையுடைய பெட்ரோல் ஜீப்பையும் அளந்து பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. தெரிந்துகொள்ள ஆசை, அவ்வளவுதான். அதுதான் எல்லாவற்றையும் விட அதிகமாகக் குடித்தது. கங்காணி மாரிமுத்துவிடம் சொன்னேன்.

"இம்புட்டுக் குடிச்சிட்டு அது தூக்குறது என்னா? ஒரே ஒரு இலை," என்றான். "அதுவும் முத்தின இலை."

மலையில் கொழுந்து பறித்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள்.

3. அவிச்ச கீரை

இரண்டாவது லோரி வாரத்தில் ஒரு தப்புச் செய்தேன்.

லோரி நிறைந்தால்தான் கோடு குறையும். அன்றைக்குக் கொழுந்து அதிகம். கொஞ்சம் மிஞ்சினாலும் இன்னொரு நடை போகணும். அதனால் காலையில் பறித்த கொழுந்துச் சாக்கையும் மத்தியானம் வரை ரோட்டோரம் காக்க வைத்தேன். பிறகு சாக்கு மேல் சாக்கு அடுக்கினோம். அப்படியும் இடம் போதவில்லை.

"ஏறி மிதிங்கப்பா!" என்றேன். நானும் ஏறி மிதித்தேன்.

மாரிமுத்து கீழே நின்று பார்த்தான். "கொழுந்தாடா அது, கோணி மெத்தையாடா?"

"வாய மூடிக்கிட்டு சாக்கத் தூக்குடா."

பேக்டரியில் தேயிலைப் பதம் பார்க்கும் டீமேக்கர் என்ன செய்வார் என்றால், சாக்கு அவிழ்த்ததும் முழங்கை வரைக்கும் கையை உள்ளே விடுவார். கண்ணால் பார்த்தால் மேலாக இருப்பதுதான் தெரியும். கைக்கு உள்ளே இருக்கும் சூடு தெரியும். அன்றைக்கு விட்ட கையைச் சட்டென்று எடுத்தார்.

"சின்னையா, நீ கைய வுடு."

விட்டேன். வெந்நீரில் குளித்துவிட்டு வந்த ஆள் உடம்பு மாதிரி கதகதவென்று இருந்தது. மிதித்து அடைத்ததில் நடுவில் இலை வெந்து சிவந்துவிட்டது.

"இது கொழுந்து இல்லப்பா, அவிச்ச கீரை. கொண்டுபோய் சோத்துல பிசைஞ்சு சாப்பிடு."

பன்னிரண்டு சாக்கு ஒதுக்கினார். அத்தனையும் குப்பைக்குப் போனது. அதைப் பறிக்க எத்தனை பெண்கள் காலையிலிருந்து சரிவில் நின்றிருப்பார்கள்? என் நோட்டில் அதற்குக் கோடு இல்லை. அன்றைக்கும் லோரிக்கு நல்ல கணக்குத்தான் விழுந்தது.

4. பாட்டில்கள்

வீட்டுக்குப் போனால் சம்சாரம் பிள்ளையுடைய பள்ளிக்கூடச் சட்டையைக் காட்டினாள். வெள்ளைச் சட்டை, தேத்தண்ணி நிறத்தில் இருந்தது.

"என்னாங்க, லோரி ஓடுற வாரம் பூரா குழாயில சேறு வருது."

"மழை பெய்யுதுல்ல?"

"போன வாரம் டிரெக்டர் ஓட்டுனீங்க. அப்பவும்தான் பெஞ்சுச்சு."

சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவள் சொன்னது மனதில் கிடந்து அரித்தது.

எங்கள் தொழிலாளர் லைன் வீடுகளுக்குத் தண்ணீர் ஓடையிலிருந்து வரும். மலை ரோடு அந்த ஓடையைத் தாண்டித்தான் மேலே போகிறது. மண் ரோடு. தண்ணீர்த் தொட்டி ரோட்டுக்குக் கீழே. மழை தினம் ஒரே மாதிரி பெய்யாது. ஆகவே ஒரு நாளையும் இன்னொரு நாளையும் ஒப்பிட்டால் சரிவராது என்று நினைத்தேன். அந்த வாரமும் அடுத்த டிரெக்டர் வாரமும், ஒரே நேரத்தில் ரோட்டுக்கு மேலே ஒரு பாட்டில், கீழே ஒரு பாட்டில் பிடித்தேன். ஜன்னலில் வைத்தேன்.

மேல் பாட்டில் தெளிந்திருந்தது. லோரி வாரத்துக் கீழ்ப் பாட்டிலில் இரண்டு விரல் சேறு படிந்தது. டிரெக்டர் வாரத்தில் அரை விரல்தான். போய்ப் பார்த்தேன். லோரி நிறை பாரத்தோடு வளைவில் ரோட்டை அறுத்திருந்தது. முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம். மழைத் தண்ணீர் அதன் வழியாக நேரே ஓடைக்கு இறங்கியது.

டிரெக்டரையும் நல்லது என்று சொல்லிவிட முடியாது. அந்தப் பாட்டிலில் சேறு குறைவு. ஆனால் தண்ணீர் மேல் எண்ணெய் மினுமினுத்தது. டிரெக்டருக்கு அடியில் குனிந்து பார்த்தேன். எஞ்சினுக்கு அடியில் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. ஆறு வருசம் அதன் மேல் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாளும் அடியில் பார்த்ததில்லை.

5. துரை மேசை

மாதம் முடிந்தது. ஆபீசுக்குப் போனேன். துரை நோட்டை வாங்கிக் கோடுகளை எண்ணினார்.

"லோரிதான், சந்தேகமே இல்ல. டிரெக்டர வித்துரலாம்."

நான் ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்திருக்கலாம். கூரை எனக்குத்தான். கையில் பை கனத்தது. பாட்டில்களை எடுத்து மேசையில் வைத்தேன்.

"என்னா இது?"

"எங்க லைன்ல குடிக்கிற தண்ணி துரை. இது லோரி வாரம். இது டிரெக்டர் வாரம்."

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பன்னிரண்டு சாக்கைப் பற்றியும் சொன்னேன். மிதிக்கச் சொன்னது நான்தான் என்றும் சொன்னேன்.

"எதுக்குக் கொழுந்த மிதிச்சே?"

"கோடு குறையணும்னு துரை."

துரை நோட்டைப் புரட்டினார். பிறகு நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். "இந்தக் கோடெல்லாம் எதுக்கு?"

"அது உங்க ஜீப் துரை."

பக்கத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த கிராணி தலையைக் குனிந்துகொண்டார். துரை முகத்தில் சிரிப்பு வந்தது மாதிரி இருந்தது. வரவில்லை.

"சரி. மலையில டிரெக்டர் ஓடட்டும். ஒழுகுறத மொதல்ல அடை. கொழுந்த அப்பப்ப இறக்கிக் கொண்டா. லோரி மண் ரோட்டுல ஏறக் கூடாது. பேக்டரியிலருந்து டீப் பெட்டிய ஏத்திக்கிட்டு தார் ரோட்டுல தாப்பா டவுனுக்குப் போகட்டும்."

"லோரிய யார் ஓட்டுறது துரை?"

"தார் ரோட்ல எவனும் ஓட்டுவான். மலைக்கு நீதான்."

வெளியே வந்தேன். மழை பிடித்துக்கொண்டது. கோணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு டிரெக்டரில் ஏறினேன்.

அப்புறம் பதினோரு வருசம் அதில்தான் இருந்தேன். சளி வந்தது, போனது. பிள்ளையுடைய சட்டை வெள்ளையாக இருந்தது.

புதிதாக வண்டி ஓட்ட வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எவ்வளவு குடிக்கிறது என்று பாருங்கள். அதோடு விடாதீர்கள். ஓட்டி முடித்த பிறகு இறங்கி ரோட்டைப் பாருங்கள். ஏற்றின சாமானுக்குள்ளே கையை விட்டுப் பாருங்கள். கீழே யார் தண்ணீர் பிடிக்கிறார்கள் என்று கேளுங்கள். இது எல்லாம் பார்த்த பிறகு, உங்களுக்கு எந்த வண்டி பிடிக்கும் என்பதை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். எனக்குக் கடைசி வரை லோரிதான் பிடிக்கும்.