எனக்குக் கிடைத்த மலேசியா

ஆறாம் ஆண்டு படிக்கும்போது எனக்கு மலேசியா கிடைத்தது. சோக்குப் பெட்டிக்குள் ஐந்து துண்டுச் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி, குழுத் தலைவிகளைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார் டீச்சர். நான் சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு வாங்குப் பலகையின் மேல் ஏறி நின்றுவிட்டேன். இறங்கச் சொல்லி டீச்சர் போட்ட சத்தம் பக்கத்து வகுப்பு வரைக்கும் கேட்டதாம். எனக்குக் கேட்கவில்லை.

வரலாறு, புவியியல், குடியியல் மூன்றையும் அவர் ஒருவரே எங்களுக்குப் படிப்பித்தார். அதனால் மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிவிடுவார். ஒரு நாட்டைத் தெரியும் என்று சொல்வதானால் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தெரிய வேண்டும் என்பது அவருடைய கொள்கை: அது எங்கே இருக்கிறது, எப்படி உருவானது, யார் ஆள்கிறார்கள். தவணை முடிவில் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கண்காட்சி ஒன்று வைப்பதாகவும், வலயக் கல்விக் கந்தோரிலிருந்து பெரிய அதிகாரிகள் பார்க்க வருவதாகவும், புத்தகத்தில் இருப்பதைப் பார்த்து எழுதி ஒட்டுகிறவர்களுக்குப் பரிசு இல்லை என்றும் சொன்னார். அந்தக் கடைசி வசனம்தான் என்னைக் கெடுத்தது என்று டீச்சர் மேல் பழியைப் போட்டுவிடலாம். ஆனால் மற்ற நான்கு குழுக்களும் அதே வசனத்தைக் கேட்டுவிட்டு ஒழுங்காகத்தான் இருந்தன.

என் மாமா மலேசியாவில் இருந்தார். அம்மாவின் ஒரே தம்பி. நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது போனவர். அங்கே பெரிய கம்பனி ஒன்றில் வேலை என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். நான் அதை வகுப்பு முழுவதற்கும் சொல்லியிருந்தேன். உண்மையில் அவர் சுற்றிப் பார்க்கிறவர்களுக்குக் கொடுக்கும் விசாவில் போய், அது முடிந்த பிறகும் தங்கிவிட்டவர். கோலாலம்பூரில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில் சட்டி பானை கழுவிக்கொண்டிருந்தார். படுக்கை கடைக்கு மேலேயே. யாராவது மறித்துக் கேட்டால் காட்டுவதற்குக் கையில் ஒரு கடதாசியும் இல்லை. அதனால் அந்த நாலு வருடத்தில் அவர் கடைத்தெருவைத் தாண்டிப் போனதே நாலைந்து தடவைதான். இதெல்லாம் வீட்டில் பெரியவர்களுக்குத் தெரியும். எனக்குச் சொன்னால் திருகோணமலையில் எங்கள் ஊரான அன்புவழிபுரம் முழுவதற்கும் சொன்னது மாதிரி என்பதால் எனக்குச் சொல்லவில்லை. என்னை அவர்கள் சரியாகத்தான் கணித்து வைத்திருந்தார்கள்.

மாமாவுக்கு நிலாவெளியில் பெண் பேசி முடித்திருந்தது. வருகிற வைகாசியில் அவர் வந்துவிடுவார், வந்ததும் கல்யாணம். நான் அந்த அக்காவை முன்கூட்டியே மாமி என்று கூப்பிடத் தொடங்கியிருந்தேன். அவருக்கு அது பிடிக்கும். வீட்டில் தையல் மெசின் வைத்திருந்தார். எங்கள் குழுவுக்கு மலேசியக் கொடி வேண்டும் என்று கேட்டதும், பதினாலு கோடுகளையும் எண்ணி, பதினாலு முனை வைத்த நட்சத்திரத்தைக் கடதாசியில் மூன்று தரம் வெட்டிப் பிழைத்து, நாலாம் தரம் சரியாக வெட்டித் தைத்துத் தந்தார். தான் காத்திருக்கும் மனிதர் இருக்கிற நாட்டின் கொடி என்பதால் அத்தனை பொறுமை என்று இப்போது விளங்குகிறது. அன்றைக்கு என்னில் உள்ள அன்பு என்று நினைத்தேன்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பின்னேரம் மாமா வீடியோவில் கதைப்பார். சீட்டு எடுத்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, அம்மாவின் கையிலிருந்து போனைப் பறித்துக்கொண்டு கொப்பியும் பேனையுமாக இருந்தேன். மலேசியாவில் எத்தனை மாநிலம் என்று கேட்டேன்.

"பத்துப் பன்ரெண்டு இருக்கும் பிள்ளை."

ராசா இருக்கிறாரா என்று கேட்டேன். இருக்கிறார் என்றுதான் தானும் கேள்விப்பட்டதாகச் சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பதின்மூன்று மாநிலம் என்று சொல்லிக் கொடுத்தேன். பாதி நாடு தீபகற்பத்திலும் மிச்சம் கடலுக்கு அப்பால் போர்ணியோத் தீவிலும் இருக்கிறது என்றேன். ஒன்பது மாநிலங்களுக்குத் தனித்தனி அரசர்கள், அந்த ஒன்பது பேரும் கூடி தங்களுக்குள் ஒருவரை ஐந்து வருடத்துக்கு நாட்டின் ராசாவாகத் தெரிவுசெய்வார்கள் என்றேன். மாமா வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். மலாக்காவுக்கு முதலில் போர்த்துக்கேயர், பிறகு ஒல்லாந்தர், பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள் என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"எங்கட கோட்டைக்கு வந்த அதே ஆக்களோ? அங்கயும் விட்டுவைக்கேல்லையோ?"

அந்த நாட்டில் இருந்தவருக்கு அந்த நாட்டைத் திருகோணமலையிலிருந்து நான் படிப்பித்தேன். அது எனக்குப் பெரிய பெருமையாக இருந்தது. அங்கே இருந்துகொண்டு இதுகூடத் தெரியாமல் இருக்கிறாரே, இவருக்கு நாட்டில் அக்கறையில்லை என்று அம்மாவிடம் முறைப்பாடும் செய்தேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கேட்டும் புடைத்துக்கொண்டே இருந்தார்.

சிக்கல் சிங்கப்பூரால் வந்தது. சிங்கப்பூர் கிடைத்தவளின் அப்பா கப்பலில் வேலை செய்கிறவர். அவர் சிங்கப்பூரில் சிங்கச் சிலைக்கு முன்னால் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிற படத்தை அவள் கொண்டுவந்து வகுப்பைச் சுற்றிக் காட்டினாள். டீச்சர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அவள் என்னிடம் வந்து, என் மாமா மலேசியாவில்தான் இருக்கிறார் என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள். நான்தான் எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொன்னேன். என் மாமா ராசாவின் அரண்மனை வாசலில் நின்று, எங்கள் வகுப்பின் பெயர் எழுதிய கடதாசியைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்து அனுப்புவார் என்றேன். டீச்சருக்கும் அது கேட்டது. அப்படிச் செய்தால் மிகவும் நல்லது என்றார்.

மாமா உடனே ஓம் என்றார். அவர் எனக்கு எதையும் மறுத்ததில்லை. அடுத்த ஞாயிறு கேட்டபோது வேலை கூட என்றார். அதற்கடுத்த ஞாயிறு மழை என்றார். மூன்றாவது ஞாயிறு நான் போனுக்கே போகவில்லை. அம்மாதான் என்னிடம் வந்தார்.

"அவனுக்கு ஏலாது பிள்ளை. விடு."

ஏன் ஏலாது என்று கேட்டேன். அம்மா வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். அந்த இடத்தில் ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும் என்று அம்மா எத்தனையோ தடவை பிறகு சொல்லி அழுதிருக்கிறார். எனக்கு அப்போது பதினொரு வயது. சொல்லியிருந்தால் விளங்கியிருக்கும், வாயையும் மூடியிருப்பேன் என்று நான் அவருக்குச் சொல்வதுண்டு. வாயை மூடியிருப்பேனா என்பது எனக்கே நிச்சயமில்லை.

அடுத்த நாள் அம்மா கடைக்குப் போன நேரம் அவருடைய போனை எடுத்து மாமாவுக்குக் குரல் பதிந்து அனுப்பினேன். நீங்கள் மலேசியாவிலேயே இல்லைப் போல, எல்லோருக்கும் பொய் சொல்லிக்கொண்டு வேறெங்கோ இருக்கிறீர்கள், இனி நான் உங்களோடு கதைக்க மாட்டேன் என்று சொன்னேன். சொல்லும்போது அழுதேன். அழுகை நன்றாகப் பதிந்திருக்கிறதா என்று ஒருமுறை போட்டுக் கேட்டும் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று படங்கள் வந்தன. பெரிய பொன்நிற வாசல், பக்கத்தில் குதிரையில் ஒரு காவலாள், முன்னால் மாமா. போட்டிருந்தது இரவல் சேட்டு என்று தோள்மூட்டைப் பார்த்தாலே தெரிந்தது. தலையை நன்றாகத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார். யாரோ வழிப்போக்கரிடம் போனைக் கொடுத்து எடுப்பித்திருக்க வேண்டும். நெஞ்சுக்கு முன்னால் கடதாசியைப் பிடித்திருந்தார், அதில் எங்கள் வகுப்பும் ஊரும் பெரிய எழுத்தில். ஆனால் மூன்று படத்திலும் அவர் கமெராவைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவும் இல்லை. சிரிக்கச் சொன்னேனே என்று எனக்குக் குறை. படத்தைப் பார்த்த அம்மாவின் முகம் வெளிறிப்போனது. உடனே மாமாவுக்குப் போன் எடுத்தார். மணி அடித்தது, மாமா எடுக்கவில்லை. அன்று பின்னேரமும் எடுக்கவில்லை.

அடுத்த நாள் அவரோடு தங்கியிருந்த ஒருவர் அம்மாவுக்குப் போன் எடுத்தார். அரண்மனையிலிருந்து திரும்பி வரும் வழியில், ரயில் நிலையத்தில் மறித்து அடையாள அட்டை பார்த்திருக்கிறார்கள். அத்தனைதான் விசயம். எனக்கு மாமாவின் போன் உடைந்துபோய்விட்டது என்று சொன்னார்கள். அம்மாவின் கண் சிவந்திருந்தது. அடுப்புப் புகை என்றார், எங்கள் வீட்டில் காஸ் அடுப்பு வந்து ஒரு வருடமாகியிருந்தது. அதைக்கூட நான் யோசிக்கவில்லை. கொமினிகேசன் கடைக்குப் போய்ப் படங்களைப் பெரிதாக அச்சடித்துத் தரும்படி அப்பாவை அரித்துக்கொண்டிருந்தேன். அப்பா கூட்டிக்கொண்டுபோய் அடித்துத் தந்தார்.

கண்காட்சி வெள்ளிக்கிழமை. மேல்மாடி வகுப்பறை. யன்னலால் பார்த்தால் உள்துறைமுகத்தில் கோதுமைக் கப்பல் ஒன்று மாவாலை இருக்கும் சீனக்குடாப் பக்கம் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. நான் பெரிய பிரிஸ்டல் அட்டையில் வங்காள விரிகுடாவை வரைந்து, எங்கள் துறைமுகத்திலிருந்து மலாக்கா நீரிணைக்கு ஒரு கோடு இழுத்திருந்தேன். இடையில் நிக்கோபாரைத் தவிர வேறு ஒன்றுமில்லை, நேரே போனால் மாமா வீடு என்று வந்தவர்களுக்கெல்லாம் விளக்கினேன். கல்விக் கந்தோரிலிருந்து வந்த பெரியவர் அந்த நாட்டில் சட்டத்தை யார் ஆக்குகிறார்கள் என்று கேட்டார். பாராளுமன்றம், அதில் இரண்டு சபைகள் என்றேன். சட்டத்தை மீறினால் என்ன நடக்கும் என்றார். அங்கே சட்டம் மிகவும் கண்டிப்பு, யாரும் தப்ப ஏலாது என்று தெளிவாகச் சொன்னேன். அவர் என் தலையில் தட்டினார். முதல் பரிசு எங்களுக்கு. சிங்கப்பூர் இரண்டாவது.

நாலரை மாதம் தடுப்பு முகாமில் வைத்துவிட்டு மாமாவை அனுப்பினார்கள். ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்து இறங்கினார். கன்னம் ஒட்டி, கையெல்லாம் சொறி. விசா முடிந்து வந்துவிட்டார் என்று எனக்குச் சொன்னார்கள். பரிசு கிடைத்த கதையை நான் ஆதியோடந்தமாகச் சொன்னேன். கல்விக் கந்தோர்ப் பெரியவர் கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் குரலை மாற்றிச் செய்து காட்டினேன். மாமா சிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று அவர் என் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒன்று சொல்லியிருக்கிறார். படம் எடுக்கப் போய்ப் பிடிபட்ட விசயம் பிள்ளையின் காதுக்கு ஒருநாளும் போகக் கூடாது என்று.

அடுத்த கிழமை நிலாவெளியிலிருந்து மாமியின் தகப்பன் வந்தார். கோபக்காரர் இல்லை. முன் அறையில் கதிரையில் நுனியில் இருந்துகொண்டு, நிலத்தைப் பார்த்துக் கதைத்தார். நான் தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றேன்.

"நாலு வருசமாய் வெளியில போகாமல் கவனமாய் இருந்தனீங்கள் தம்பி. இன்னும் கொஞ்ச நாளில வரப்போற நேரம், அண்டைக்கு ஏன் வெளிக்கிட்டனீங்கள்? அதை மட்டும் எனக்குச் சொல்லுங்கோ. நான் மகளுக்கு ஒரு பதில் சொல்லவேணும்."

எனக்குப் பதில் தெரிந்த கேள்வி. தெரிந்த கேள்விக்கு வாயை மூடிக்கொண்டிருக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

"எனக்காகத்தான் போனவர். ராசாவின்ர அரண்மனையில படம் எடுக்க."

அந்தப் பெரியவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருடைய முகம் கொஞ்சம் இளகியது. அதை நான் பார்த்தேன், இன்றைக்கும் எனக்குத் தெரிகிறது. சரி, பிள்ளைக்காகப் போயிருக்கிறான் என்று அவர் நினைக்கத் தொடங்கிய நேரம் அது. மாமாவுக்கும் அது தெரிந்திருக்கும். அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"அவள் சின்னப்பிள்ளை, சும்மா சொல்றாள். நான் ஊர் பார்க்கத்தான் போனனான்."

பொய் என்று கத்தினேன். அம்மா என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனார். நான் அங்கிருந்தும் கத்தினேன். முன் அறையில் பெரியவர், ஊர் பார்க்கிற நேரமோ தம்பி என்று ஒருமுறை கேட்டது காதில் விழுந்தது. பிறகு கதிரை அசையும் சத்தம். தேத்தண்ணி குடிக்காமலே போய்விட்டார். அடுத்த தையில் மாமிக்கு மூதூர்ப் பக்கம் கல்யாணம் முடிந்தது. அன்று மாமா சொன்னதை மாமி நம்பியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். கொடி தைத்துத் தந்தவருக்குத் தெரியாதா? ஆனால் அவரிடம் யாரும் கேட்கவில்லை. மாமா பிறகு யாரையும் கட்டவில்லை. இப்போது முச்சக்கர வண்டி ஓடுகிறார், தலை முழுக்க நரைத்துவிட்டது. நான் இருபது வயதில் அம்மாவிடம் உண்மையைக் கேட்டு அறிந்து, அவர் முன்னால் போய் நின்று அழுதபோதும், நீ ஒன்றும் செய்யவில்லை பிள்ளை, எனக்கும் ராசா வாசலைப் பார்க்க ஆசைதான் என்றுவிட்டார்.

ஆனால் அந்தப் பதினொரு வயதில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். என் மாமா எனக்காகப் போனார். அது எனக்கு மட்டும் உரிய பெருமை. அதை எல்லோர் முன்னிலையிலும் அவர் இல்லையென்று சொல்லிவிட்டார். பத்து நாள் அவரோடு கதைக்கவில்லை. அவர் கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன், அவர் வாங்கி வந்த தொதல் இனிப்பைத் தொடவில்லை. பதினோராம் நாள் நான் பாடசாலைக்கு வெளிக்கிடும் நேரம் அவர் வாசலில் வந்து குந்திக்கொண்டு, என் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிவிட்டபடி, நான் அப்படிச் சொன்னது பிழைதான் பிள்ளை, மன்னிச்சுக்கொள் என்று கேட்டார்.

கொஞ்ச நேரம் அவரைக் காக்க வைத்தேன். பிறகு, இனிமேல் பொய் சொல்லக் கூடாது என்று சொல்லி மன்னித்துவிட்டேன்.