இரண்டு அடைக்கலமேரிகள்

பதினோரு வயதில் ஒரு நாள் காலையிலிருந்து மத்தியானம் வரை என் பெயர் அடைக்கலமேரி. அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வேறு பெயர்தான். அந்த ஒரு காலைக்காக அந்தப் பெயரை எனக்கு வைத்தவர் என் பெரியப்பா.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. எங்கள் வீடு ஏலாக்குறிச்சிப் பக்கம். பெரியப்பா குன்னத்துக்குத் தெற்கே ஒரு கரிசல் காட்டு ஊரில் ஓராசிரியர் பள்ளிக்கூடம் நடத்திவந்தார். பண்ணை வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள்தான் அங்கே படித்தார்கள். பருத்தி வெடித்துவிட்டால் பள்ளிக்கூடம் பாதி காலியாகிவிடும். அந்த வருஷம் ஐந்தாம் வகுப்பில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பிள்ளை, அடைக்கலமேரி. முந்தைய வருஷம் அந்த வகுப்பில் யாருமே தேறவில்லை. இந்த முறையும் யாரும் தேறாவிட்டால் பள்ளிக்கூடத்தின் அங்கீகாரத்தை எடுத்துவிடுவோம் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பரீட்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. அடைக்கலமேரியோ அம்மாவோடு பருத்தி எடுக்க எங்கோ வேப்பந்தட்டைப் பக்கம் போய்விட்டாள். பெரியப்பா ஆள் மேல் ஆளாகச் சொல்லிவிட்டும் பதில் இல்லை.

இதெல்லாம் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் காதில் வாங்கிக்கொண்டது.

"தம்பி, இவள ஒரு ரெண்டு நாளு என்கூட அனுப்பு" என்றார் பெரியப்பா.

அப்பாவும் வாத்தியார்தான். அவருக்கு மனசு ஒப்பவில்லை. "இது சரியாண்ணே?"

"சரியில்லதான். பள்ளிக்கூடத்த மூடிட்டா அந்தப் புள்ளைங்களுக்கு இது சரி, இது தப்புன்னு எவன் சொல்லிக் குடுப்பான்?"

அப்பா பேசாமல் எழுந்து போனார். அவர் பேசாமல் எழுந்து போனால் சம்மதம் என்று அர்த்தம். என்னிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் குதித்துக்கொண்டு சரி சொல்லியிருப்பேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் வாசிப்பிலும் வாய்க்கணக்கிலும் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு பள்ளிக்கூடத்தையே காப்பாற்றக் கூப்பிடுகிறார்கள் என்றால் அதிலே ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

பெட்ரோல் கிடைக்காத நேரம், அரியலூர் வரை கரியில் ஓடும் பஸ். மேட்டில் அது மூச்சு வாங்கி நிற்கும்போதெல்லாம் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். அங்கிருந்து மாட்டு வண்டி. வழி நெடுக பெரியப்பா என்னைக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"ஒம் பேரென்ன?"

"அடைக்கலமேரி."

"எந்த ஊரு?"

"இதே ஊருதாங்க ஐயா."

மறுநாள் காலையில் பெரியம்மா எண்ணெய் வைத்து இரட்டைச் சடை பின்னி ரிப்பன் கட்டிவிட்டாள். ஏழைப் பெண்ணாக நடிக்கப் போகிறவளுக்கு இவ்வளவு அலங்காரம் ஆகாது என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை.

இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். ஒல்லியான மனிதர், கோட்டெல்லாம் புழுதி. ஜில்லாவில் எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் அவரிடம் ஒரே அளவுகோல்தான் என்று சொல்வார்கள். பிள்ளைகளின் பாடப் புத்தகத்தை அவர் தொடமாட்டார். தன் பையிலிருந்து யாரும் பார்த்திராத ஒரு புத்தகத்தை எடுத்து, ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து நீட்டுவார். மனப்பாடம் அவரிடம் பலிக்காது.

சின்ன வகுப்புகளை முடித்துவிட்டு, "ஐந்தாம் வகுப்பு, அடைக்கலமேரி" என்று கூப்பிட்டார். நான் போய் நின்றேன்.

ஒரு பக்கம் முழுக்க ஒரே மூச்சில் வாசித்தேன். முற்றுப்புள்ளி வந்த இடத்தில் நிறுத்தி, கேள்விக்குறி வந்த இடத்தில் குரலை ஏற்றினேன். வாய்க்கணக்குக்கு அவர் கேட்டு முடிக்குமுன் விடை சொன்னேன். சொல்வதெழுதுதலில் ஒரு பிழை இல்லை. சிலேட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பலே" என்றார். பெரியப்பா சுவரோரம் நின்று துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். அப்போது வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள்.

என் வயதுதான் இருக்கும். தலைமுடியில் பருத்திப் பஞ்சு ஒட்டியிருந்தது. முழங்கால் வரை கரிசல் மண். ஓடி வந்திருக்கிறாள் போலிருக்கிறது, மூச்சு வாங்கியது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு பெரியப்பாவைப் பார்த்தாள்.

"சார், பரிச்ச முடிஞ்சிருச்சா? எம் பேரக் கூப்ட்டாச்சா? விடியறதுக்கு முன்னாடியே கெளம்பிட்டேன் சார். அம்மா விடமாட்டேன்னுச்சு, சொல்லாம வந்துட்டேன்."

"நீ யாரும்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அடைக்கலமேரிங்க. அஞ்சாங் கிளாசு."

பெரியப்பா தரையைப் பார்த்தார். இனி நான்தான் சமாளிக்க வேண்டும் என்று எனக்குப் புரிந்தது.

"ஐயா, எங்க பக்கம் மாதாவுக்கு நேந்துக்கிட்டுப் பொறந்த புள்ளைங்களுக்கெல்லாம் இந்தப் பேருதாங்க. வூட்டுக்கு ஒரு அடைக்கலமேரி இருக்கா" என்றேன்.

அது உண்மைதான். அவரும் மறுக்கவில்லை. என் ரிப்பனைப் பார்த்தார். அவள் காலைப் பார்த்தார். பிறகு பெரியப்பாவைப் பார்த்து, "ஆனா ரிஜிஸ்தர்ல ஒரு அடைக்கலமேரிதானே இருக்கு, வாத்தியாரே?" என்றார்.

"ஐயா, என்னை மன்னிச்சு..." என்று பெரியப்பா தொடங்கினார்.

"இருங்க. பரீட்சை இன்னும் முடியல" என்று அவர் கையமர்த்தினார். அந்தப் பெண்ணுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அவள் குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, புத்தகத்தில் வேறொரு பக்கத்தைத் திறந்து நீட்டினார்.

அது கடலைப் பற்றிய பாடம். அவள் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து விரல் வைத்து வாசித்தாள். "கலங்... கலங்கரை... வி... விளக்கம்" என்று திக்கினாள். ஒரு வரியை விட்டுவிட்டு, பிறகு தானே கண்டுபிடித்துத் திரும்பிப் போய் வாசித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை, அடுத்த சொல்லை நானே சொல்லிக் கொடுக்க வாயெடுத்தேன். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். வாய்க்கணக்கை விரல் கணுக்களில் எண்ணி, முதலாவதைத் தப்பாகவும் மற்றதைச் சரியாகவும் சொன்னாள். சொல்வதெழுதுதலில் லகரமும் ளகரமும் இடம் மாறிக் கிடந்தன. ஆனால் கடைசி வரை விடவில்லை. பக்கத்தின் ஓரமெல்லாம் அவள் விரலின் மண் பட்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் பேனாவால் எழுதினார். எழுதியதை உரக்கச் சொன்னார்:

"அடைக்கலமேரி, தேர்ச்சி."

சொல்லும்போது அவர் பார்த்தது அவளை.

"எனக்குங்க ஐயா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்தார். "நீ ரொம்ப நல்லா வாசிச்சம்மா. உன் பள்ளிக்கூடத்துக்கு வரும்போது உனக்குப் போடறேன்."

பெரியப்பாவிடம் அதிகம் பேசவில்லை. "இந்தப் பொண்ண மேல படிக்க வைங்க. அவங்கம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினார். அடைக்கலமேரி அவர் போன பாதையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, இனிப் போய் அம்மாவிடம் அடி வாங்க வேண்டுமே என்ற நினைப்பு வந்ததோ என்னவோ, கைகளால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அன்று சாயங்காலமே என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினார் பெரியப்பா. வண்டியில் எனக்குக் கோபம் தாங்கவில்லை. "அவ அத்தன எடத்துல திக்குனா. நான் ஒரு எடத்துலயும் திக்கல. கணக்கும் தப்பு. அவளுக்குப் போட்டுட்டாரு, எனக்குப் போடல. இவரெல்லாம் எப்படி இன்ஸ்பெக்டரானாரு?"

திரும்பிப் பார்த்தால் பெரியப்பாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. என் மார்க்குப் போய்விட்டதே என்றுதான் அழுகிறார் என்று நினைத்தேன். மனசு இளகிப்போயிற்று. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அழுவாதீங்க பெரியப்பா. அவருக்கு மார்க்கு போடத் தெரியலன்னா அதுக்கு நாம என்ன செய்யிறது?" என்று ஆறுதல் சொன்னேன்.