மதுரைக்குப் போக நான் சொன்ன பொய்

ராமநாதபுரத்தில் இறங்கி என்னைப் பற்றி விசாரித்தால் ஐஸ் கம்பெனியையும் நாலு லாரியையும் காட்டுவார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். காலேஜ் படித்தவர்கள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். பேசியே முன்னுக்கு வந்தவன் என்று ஊர் சொல்லும், உண்மைதான். எந்த ஆபீசிலும் என் வாய்க்கு முன்னால் நின்று ஜெயித்தவன் கிடையாது. அந்த வாய் பதினாலு வயதில் செய்த காரியத்தை என் பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை.

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் இருக்கும். கோடை விடுமுறை. நாங்கள் மூன்று பேர். ஒருவன் எனக்கு அடுத்த வீட்டுக்காரன். உத்தரகோசமங்கைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். இன்னொருவன் தங்கச்சிமடத்து வேதக்காரப் பையன், கிறிஸ்தவன், கடலுக்குப் போகிறவர் மகன், ஹாஸ்டலில் தங்கி எங்களோடு படித்தவன். தொண்டியில் அவன் அத்தை வீடு, பிறகு தங்கச்சிமடம், ராமேஸ்வரம் என்று எட்டு நாள் சுற்றத் திட்டம் போட்டவன் நான்தான். எனக்கு ஒரே ஆசை, கடைசி இரண்டு நாள் மதுரை. அங்கே சினிமாக் கொட்டகையில் தலைக்கு மேல் காற்றாடி சுற்றுகிறதாம்.

அடுத்த வீட்டுக்காரனுக்கு ஆசை வேறு. அவன் அய்யா கொழும்பில் கடை வேலைக்குப் போய் நாலு வருஷம். இரண்டு வருஷமாகக் கடிதம் இல்லை. ஸ்டுடியோ நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்கிற படம் ஒன்று இவன் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். தனுஷ்கோடியில் இரண்டு நாள் தங்கி, இலங்கைக் கப்பலிலிருந்து இறங்குகிறவர்களிடமெல்லாம் அந்தப் படத்தைக் காட்டிக் கேட்க வேண்டும். அதற்காகவே எங்களோடு கிளம்பினான்.

தொண்டியில், கொழும்பு போய் வருகிற பாய் ஒருவர் கடை இருப்பதாகச் சொன்னார்கள். "நீ கேளு மாப்ள, நீ கேட்டாத்தான் ஆளுக பதில் சொல்லுவாக" என்று படத்தை என் கையில் கொடுத்துவிட்டு இவன் தெருமுனையிலேயே நின்றுகொண்டான். பாய் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கொழும்பு என்ன நம்ம தெருவாப்பா? தெரியலையே. அல்லா கிருபையில நல்லாத்தான் இருப்பாரு, போ."

அவ்வளவுதான் சொன்னார். நானும் அதைத்தான் வந்து சொல்லியிருக்க வேண்டும். "அப்புறம் பேசுவோம்" என்று மட்டும் சொன்னேன்.

ராமநாதபுரத்துக்குத் திரும்பி ரயிலேறியபோது நாட்களை எண்ணிப் பார்த்தேன். தனுஷ்கோடிக்கு இரண்டு நாள் போனால் மதுரை கிடையாது. ரயில் பாம்பன் பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது.

"மாப்ள, அந்த பாய் ஒரு விஷயம் சொன்னாரு. ஒங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்..."

"அய்யாவப் பத்தியா?"

"காய்ச்சல்ல போயிட்டாராம். போன வருஷமே."

அவன் அழவில்லை. கீழே ஓடுகிற தண்ணீரையே பார்த்தான். "எங்காத்தா இன்னைக்கும் மஞ்சத் தேய்ச்சுத்தான் குளிச்சிருக்கும்" என்றான்.

நான் அதைக் காதில் வாங்கவில்லை. மேற்கொண்டு பேசினேன். "நாளைக்கு அமாவாசை. ராமேஸ்வரத்துலயே எள்ளும் தண்ணியும் விட்டுரு. பிள்ளை கடமை முடிஞ்சுரும். தனுஷ்கோடிக்கு இனி எதுக்கு?"

தங்கச்சிமடத்தில் வேதக்காரப் பையனின் அம்மா எங்களுக்காகப் பாறை மீன் குழம்பு வைத்திருந்தார்கள். இவன் மட்டும் தொடவில்லை. "நாளைக்குத் தண்ணி விடணும்மா" என்று வெறும் கஞ்சி வாங்கிக் குடித்தான். வேதக்காரப் பையன் என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துப் போனான்.

"ஏலே, நெசமாத்தான் சொன்னாரா பாய்? எங்க ஆளுக கடல்ல காணாமப் போனாக்கூட எங்கம்மா அம்புட்டு லேசுல துக்கப் பூசை வைக்க விடாதுலே."

"மெழுகுவத்தி ஏத்துற ஒனக்கு எங்க வழக்கம் என்னலே தெரியும்? சோலியப் பாரு."

மறுநாள் அக்கினி தீர்த்தக் கரையில் புரோகிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர், "அப்பா இருக்காரா?" என்று இவனைக் கேட்டார். அப்பா உயிரோடு இருக்கிறவன் அந்தத் தண்ணீரை விடக் கூடாது. அதனால்தான் முதல் கேள்வியே அது. இவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்குப் பதிலாக நான், "இல்ல சாமி, காலமாயிட்டாரு" என்றேன். காணிக்கையையும் நானே வைத்தேன். விரலில் தர்ப்பையோடு, அய்யா பெயரை மூன்று முறை அவன் சொல்ல, எள்ளும் தண்ணீரும் அவன் கையை விட்டு இறங்கின.

மதுரைக்குப் போனோம். காற்றாடி சுற்றியது. என்ன படம் பார்த்தோம் என்பது மறந்துவிட்டது. முன்னிருக்கையின் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

ஊருக்கு வந்ததும் அவன் ஆத்தாவிடம் சொல்லிவிட்டான். அப்படி ஒரு அலறலை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. பங்காளிகள் கூடினார்கள். "பெத்த மகனே தண்ணி விட்டுட்டான், இனித் தாலி எதுக்கு?" என்றார்கள். அன்றைக்கே கழற்றினார்கள். கூட்டத்துக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன். "பொய்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உலகத்தையே பேசி மடக்குகிற நான் சொல்லவில்லை. எங்கள் அய்யாவின் அடிக்குப் பயந்தேன்.

ஐப்பசியில், மழை தூறிய ஒரு காலையில், கையில் குடையும் தலையில் டிரங்குப் பெட்டியுமாக அவன் அய்யா வந்து சேர்ந்தார். கண்ணில் கட்டி வந்து, எழுதவும் முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தாராம், கடைக்காரர் கைவிட்டுவிட்டாராம். வாசலில் நின்று, வெள்ளைச் சேலையில் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"ஏலே, யாருலே செத்தது?" என்று மகனைக் கேட்டார்.

ஒரு பங்காளிதான் சொன்னார். வந்தவர் முதலில் சிரித்தார். பிறகு பெட்டியைத் திறந்து, அரக்குச் சேலை ஒன்றை எடுத்து வாசற்படியில் வைத்தார். கெஞ்சியவர்களுக்குக் காது கொடுக்காமல் பஸ் ரோட்டைப் பார்த்து நடந்துவிட்டார்.

இவன் ஓடினான். நானும் பின்னால் ஓடிப் பாதி வழியில் கையைப் பிடித்தேன். "மாப்ள, பாய் அப்படிச் சொல்லல. நாந்தான்..."

"தெரியும். அவரு நிக்கிறதப் பாத்ததுமே தெரிஞ்சிருச்சு" என்றான். "நீ சொன்னேன்னு நான் செஞ்சேன்ல. என் கைதானடா தண்ணி விட்டுச்சு?" கையை உருவிக்கொண்டு போனான். தகப்பனும் மகனும் அதற்குப் பிறகு ஊருக்கு வரவே இல்லை. அவன் ஆத்தா மட்டும் இன்னும் பத்து வருஷம் உயிரோடு இருந்தார்கள். என்னை வீட்டுப் பிள்ளை மாதிரி நடத்தினார்கள். இவன் என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை.

கொழும்பில் ஆள் வைத்துத் தேடினேன். என்னால் முடியாத காரியம் என்று இருந்தால் அது ஒன்றுதான்.

இப்போது ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் காரில் ராமேஸ்வரம் போகிறேன். என் அய்யாவுக்கு, ஆத்தாவுக்கு, அவன் ஆத்தாவுக்கும் தண்ணீர் விடுகிறேன். போன வருஷம் புரோகிதர், "சிநேகிதர் யாராவது காலமாயிருந்தா பேர் சொல்லுங்கோ" என்றார்.

கையில் எள்ளும் தண்ணீரும் இருந்தது. அவன் பெயர் நாக்கு நுனி வரை வந்தது.

"இருக்கானா இல்லையான்னு தெரியாது சாமி" என்றேன்.

"அப்போ விடப்படாது" என்றார். கையைக் கவிழ்க்காமல் அப்படியே வைத்திருந்தேன், தண்ணீர் விரலிடுக்கில் தானாக ஒழுகிப் போகும்வரை. எள் மட்டும் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.