செவில் நகரத்தில் உப்பு கேட்டேன்

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் சவூதியில், ஜுபைலில் எங்கள் பிளான்ட்டுக்கு ஸ்பெயினிலிருந்து புது பம்புகள் வந்தன. பயிற்சிக்கு என்னை செவில் நகரத்துக்கு அனுப்பினார்கள். ஜுபைலிலேயே நர்ஸாக இருந்த என் மனைவியும் லீவு போட்டுக் கூட வந்தாள்.

ஒரு மாலை, பல நூறு வருடப் பழைய மதுக்கடை ஒன்றுக்குப் போனோம். எல்லாரும் கவுண்டரில் நின்றபடியே சின்னச் சின்னத் தட்டுகளில் சாப்பிட்டார்கள். ஸ்பானிஷ் தெரியாத தவிப்பில் அரபியில் "ஸைத்தூன்" என்றேன். கடைக்காரர் ஆலிவ் காய்களை நீட்டினார். "ருஸ்" என்றேன், சோறு வந்தது. "பாதின்ஜான்" என்றதும் பொரித்த கத்தரிக்காய்!

"உங்களுக்குத் தெரியாத பாஷை உண்டுமா?" என்று மனைவி வாயைப் பிளந்தாள்.

கத்தரிக்காயில் உப்பில்லை. உப்புக்கான அரபிச் சொல்லை, "மில்ஹ்" என்று கம்பீரமாகச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுத் தட்டு முழுக்கத் தேனை ஊற்றினார். முதல் மூன்றும் அரபியிலிருந்து ஸ்பானிஷுக்குப் போன சொற்களாம், ஆனால் ஸ்பானிஷில் 'மியெல்' என்றால் தேனாம்; மறுநாள்தான் தெரிந்தது.

"உப்பு கேட்டா தேன் ஊத்துகாரு. இதாக்கும் உங்க அரபி?"

"இங்க இப்படித்தான் திம்பாங்க பிள்ள" என்று சமாளித்தேன்.

நம்பாமல் ஒரு துண்டை வாயில் போட்டவள், தட்டையே தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நான் மெல்லத் திரும்பினேன். பக்கத்தில் நின்ற கிழவரும் கத்தரிக்காயைத் தேனில் புரட்டித்தான் தின்றுகொண்டிருந்தார்.